ஞாயிறன்று ஓர் அறை

ஆகஸ்ட் 5, பனிமய அன்னை திருவிழாவில், "இனிக் குடிப்பதில்லை" என்று வாக்குக் கொடுத்தவர் அம்மாதம் முடியுமுன்னே மதுக்கடை வாசலில் நிற்கிறார். விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிடுகிறோம். வாக்கைக் கேட்ட நாம், மறுநாள் அவர் யாரோடு போய் உட்காருவார் என்று கேட்டோமா?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளர் இருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. குடியை விடும் விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணமில்லை, சமயச் சார்புமில்லை. "பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு?" என்கிறார்கள் பங்குப் பேரவைப் பெரியவர்கள். பாவத்தை மன்னிக்கக் குருவானவர் உண்டு. கைநடுக்கத்தை அறிந்தவன் கைநடுங்கியவனே. (நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.)

விடியுமுன் விசைப்படகேறி இரவில் கரையேறுகிறவருக்கு மாலை ஏழு மணிக் கூட்டம் எதற்கு உதவும்? கடலுக்குப் போகாத ஞாயிறே அவருக்கு வசதி. குடிக்கு வசதியான நாளும் அதுவே! சொந்தப் பங்கில் உட்காரக் கூசுகிறவர் அடுத்த பங்குக்குப் போகட்டும். அங்கும் மனம் ஒட்டாவிட்டால் இன்னொன்றுக்கு. அதற்கு ஒன்றல்ல, பல கூட்டங்கள் வேண்டும்.

மறைக்கல்வி அறையைத் திறந்துவிடுங்கள். வாடகை தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தம் செலவைத் தாமே ஏற்பது அவர்கள் மரபு. செபம் நடத்த நாம் உள்ளே நுழைய வேண்டாம்.