கடற்கரைக் காசு கடற்கரைக்கே

காரைநகர்க் கசூரினாக் கடற்கரை யாருடைய சொத்து? பிரதேச சபையினுடையதா, கொழும்பிலுள்ள திணைக்களத்தினுடையதா, அயலில் வாழும் குடிமக்களுடையதா? கடற்கரை பொதுமக்களுடையது, ஆட்சியாளர் அதன் காவலர் மட்டுமே என்பது நமது நிலை. இயற்கை வளங்களை அரசு மக்கள் பொருட்டுப் பேணும் பாதுகாவலனே என்னும் கொள்கையை நாட்டின் உயர் நீதிமன்றமும் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

எல்லோருக்கும் உரிய கரையைத் துப்புரவு செய்யும் செலவு மட்டும் யாருக்கு உரியது? விடுமுறை நாட்களில் பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து பேருந்துகளிலும் வான்களிலும் மக்கள் வந்து குவிகின்றனர். வரட்டும், வருவோரை வரவேற்பது நமது பண்பு. ஆனால் அவர்கள் விட்டுச்செல்லும் சோற்றுப் பொதிகளையும் போத்தல்களையும் அள்ளுவதற்குக் கூலியாள் வேண்டும்; ஏற்றிச்செல்ல உழவு இயந்திரம் வேண்டும்; கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும்; கடலிற் குளிப்போரைக் கண்காணிக்க ஆள் வேண்டும். பூட்டிய வீடுகள் பல கொண்ட சிற்றூரின் சோலைவரி ஒன்றே இவ்வளவையும் சுமக்க வேண்டுமென்பது நீதியாகாது. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒரு வீட்டாரின் தோளில் ஏற்றலாமா?

ஆதலின், அயலவர் சோலைவரியால் ஒரு பங்கையும், வெளியிலிருந்து வருவோர் வாகனத் தரிப்பிடக் கட்டணத்தால் மறு பங்கையும் ஏற்பதே முறை என்கிறோம். எனினும் மூன்று நிபந்தனைகளை வற்புறுத்துகிறோம்.

முதலாவது, கட்டணம் சக்கரத்துக்கேயன்றிக் காலுக்கு அன்று. நடந்து வரும் ஏழையிடமும், வலையோடும் வள்ளத்தோடும் வரும் கடற்றொழிலாளியிடமும் ஒரு சதமும் கேட்கலாகாது.

இரண்டாவது, உள்ளூரவர், வெளியூரவர் என்ற பேதம் கட்டணத்தில் வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஏவன் என்னும் கரையோர நகரம் வெளியூராரிடம் கூடுதலாக அறவிட்டபோது, அம்மாநில உச்ச நீதிமன்றம் 1972 ஆம் ஆண்டில் அதனைத் தடுத்தது. பராமரிப்புக்கு நியாயமான கட்டணம் அறவிடலாம். பேதம் காட்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சம உரிமை கேட்டு இத்தனை ஆண்டு போராடிய நாம், நமது வாசலில் அதனை மறுக்கலாமா?

மூன்றாவது, கடற்கரையிற் சேர்ந்த காசு கடற்கரைக்கே செலவாக வேண்டும். அதற்குத் தனிக்கணக்கு வேண்டும். மாதந்தோறும் வரவும் செலவும் வாசலிலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். வசூலிப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சபை கைகழுவலாகாது. குத்தகைகாரன் நாடுவது இலாபத்தை; குப்பையை அன்று.

கொழும்புக்கும் ஒரு சொல் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. அவ்வெல்லைக்குள் கட்டடம் எழுப்பச் சபை அனுமதி கேட்டு நிற்க வேண்டும். உல்லாசப் பயண விடுதிகளின் வருவாயில் 100 க்கு 1 வீதமாக அறவிடப்படும் சுற்றுலா அபிவிருத்தி வரியும் மத்தியின் கைக்கே போகிறது. அதிகாரம் அங்கே, வருமானம் அங்கே, குப்பை மட்டும் இங்கே! இஃது எவ்வகை நீதி? அவ்வரியில் கரையோரச் சபைகளுக்குச் சட்டப்படி ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். இதனைப் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

ஆயினும், பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். 2023 மார்ச்சிற் பதவிக்காலம் முடிவுற்ற உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6 ஆந் திகதித் தேர்தலின் பின்னரே மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைப் பெற்றன. வரி விதிக்கும் அதிகாரத்தை நமக்குத் தாருங்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கையிலிருக்கும் சிறு வரியை நேர்மையாக அறவிட்டு, செலவிட்டு, கணக்குக் காட்டினோமா? ஒரு கடற்கரையைத் துப்புரவாக ஆளத் தெரியாதவர் ஒரு மாகாணத்தை ஆளக் கேட்டால், கேட்பவர் நகைக்க மாட்டாரா?

சோலைவரியைத் தாமதமின்றிச் செலுத்துவது குடிமகன் கடமை. சதம் தவறாது கணக்குக் காட்டுவது சபையின் கடமை. சுயாட்சிக்கான முதற் சான்றிதழைக் கொழும்பு தரவேண்டியதில்லை. சவுக்கு மர நிழலில் நாமே எழுதிக்கொள்ளலாம்.