பர்கூர் பட்டிகளுக்கு வழி விடுங்கள்



ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்தில் உள்ள பர்கூர் மலையில், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகள் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கப்பட்டே வளர்ந்தவை. பால் குறைவுதான். கன்றும் எருவும் விற்ற பணத்தில்தான் பல குடும்பங்களின் கைச்செலவு ஓடுகிறது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர்க்காரர்கள் பெருமூச்சு விடுவதற்குள், அந்த மலைக்காடுகளே தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டன.

சரணாலயத்தை நான் எதிர்க்கவில்லை. யானைக்கும் புலிக்கும் அந்தக் காடு தேவை. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பழங்குடி அல்லாதோர் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டுகள் அங்கு வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டும். இந்த மாடுகளை மேய்க்கும், பழங்குடி அல்லாத லிங்காயத்துக் குடும்பங்கள் அதற்கான பழைய காகிதத்துக்கு எங்கே போகும்? ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. மாவட்ட நிர்வாகம் மலைக்கிராமங்களில் கிராம சபையைக் கூட்டி, அந்த வாக்குமூலங்களைப் பதிந்து, மேய்ச்சல் உரிமை மனுக்களை உடனே முடிக்க வேண்டும். அதுவரை பட்டிகளைக் கலைக்கக் கூடாது.

– ஒரு வாசகர், அந்தியூர்