முன்பணம் கட்டுவதற்கு முன்

பிளஸ் டூ தேர்வு முடியும் நாளுக்கும் முடிவுகள் வெளியாகும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் பல குடும்பங்களின் மிகப் பெரிய செலவு முடிவாகிறது. வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் தருவதில்லை. நகை வாங்குவோர் ஹால்மார்க் முத்திரையைத் தேடிப் பார்க்கின்றனர். ஆனால் பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும், குடும்பத்தின் பல லட்சம் ரூபாயையும் ஒப்படைக்கும் கல்லூரியை மட்டும் வண்ணக் கையேட்டையும் உறவினர் ஒருவரின் சொல்லையும் நம்பித் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இந்த முரண்பாடு களையப்பட வேண்டும்.

கரமனையில் வாழும் ஒரு குடும்பத்திற்குக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அருகிலேயே நீரமன்கரையில் என்.எஸ்.எஸ். மகளிர் கல்லூரி இருக்கிறது. பாளையத்தில், சுவாதித் திருநாள் காலத்தில் 1834-இல் பள்ளியாகத் தொடங்கி 1866-இல் கல்லூரியாக உயர்ந்த யூனிவர்சிட்டி கல்லூரி இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் 1939-இல் தொடங்கப்பட்ட அரசுப் பொறியியல் கல்லூரி உள்ளது. வழுதைக்காடு, கேசவதாசபுரம், நாலாஞ்சிறை ஆகிய இடங்களிலும் பெயர்பெற்ற கல்லூரிகள் உள்ளன. கரமனை வழியே தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நாகர்கோவிலை அடைகிறது. அங்கே ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும் தெ.தி. இந்துக் கல்லூரியும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை குமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இணைந்திருந்ததால், இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இரு மாநிலக் கல்லூரிகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது இயல்பே.

ஆனால் எல்லையைத் தாண்டும்போது விதிகளும் மாறுகின்றன. கேரளத்தில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் தேர்வு உண்டு. தமிழ்நாட்டிலோ 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்களே கலந்தாய்வுக்கு அடிப்படை. தமிழ் பேசுகிறோம் என்பதனால் மட்டும் அங்கே அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்துவிடாது. எங்கே படித்தோம், பூர்விகச் சான்று உண்டா என்பவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியிருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் ஹானர்ஸ் பட்டம் பெறலாம். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டப்படிப்பு மூன்றாண்டுகளே. செலவைக் கணக்கிடும்போது இந்த ஓராண்டு வேறுபாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கல்லூரியைத் தெரிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது அங்கீகாரம் பற்றிய கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. கேரளத்து முகவரி கொண்ட ஒரு பெயரும் அப்பட்டியலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, செவிலியர் படிப்புக்கு நர்சிங் கவுன்சில்கள், சட்டத்திற்கு பார் கவுன்சில் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு காவலர் உண்டு. பிற மாநிலச் செவிலியர் கல்லூரிகளுக்கு இடைத்தரகர் மூலம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதனைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பதிவு செய்துகொள்ள இயலாத செவிலியர் பட்டம் வேலைக்கு உதவாது. தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவான நாக் தரும் தரக்குறியீடு கல்லூரி முழுமைக்கும் உரியது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தருவதோ குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு உரியது. ஒரு கல்லூரியின் இயந்திரவியல் துறை பெற்ற அங்கீகாரம் அதே கல்லூரியின் கணினித் துறைக்குப் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி ஆசிரியர்களைப் பற்றியது. மனோன்மணீயம் நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என அறியப்படும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்வி என்னும் பேராசிரியரிடம் அவர் கொண்ட மதிப்பு பெரிது. அந்நாடகத்தை அவருக்கே உரிமையாக்கினார். ஒரு கல்லூரி மாணவனுக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த பொருள் நல்லாசிரியரே என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சான்று இது. இன்றோ பெற்றோர் பலர் விடுதியையும் நீச்சல் குளத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். பொறியியலில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அளவுகோல். சேரவிருக்கும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே பணிபுரிகின்றனர் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. கணினித் துறைக்கு இடங்களைப் பெருக்கிக்கொண்டே செல்லும் கல்லூரியில், அதற்கேற்ப ஆசிரியர்களும் பெருகியுள்ளனரா என்பதைக் கேட்டறிவது மிகவும் இன்றியமையாதது.

மூன்றாவது கேள்வி வேலைவாய்ப்பு. விளம்பரங்களில் இடம்பெறுவது ஒரே ஒரு மாணவர் பெற்ற மிக உயர்ந்த ஊதியம். பெற்றோர் கேட்க வேண்டியது இடைநிலை ஊதியத்தை. அதாவது, வேலை பெற்றவர்களை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பதை. 2016 முதல் வெளியாகும் என்.ஐ.ஆர்.எஃப். தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினர், எத்தனை பேர் வேலை பெற்றனர், இடைநிலை ஊதியம் எவ்வளவு என்னும் விவரங்களைத் தருகிறது. அவை யாவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. கட்டணம் மிகக் குறைந்த அரசுக் கல்லூரியான நம் யூனிவர்சிட்டி கல்லூரி, 2024-ஆம் ஆண்டுத் தரவரிசையில் நாட்டின் கல்லூரிகளுள் முதல் 30 இடங்களுக்குள் நின்றது. கட்டணம் உயர்ந்தால் தரமும் உயரும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்காவது கேள்வி முழுச் செலவு. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் தவறு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வீதம் நான்காண்டுகளில் ரூ.8 லட்சம் கல்விக்கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாண்டு முடிவில் அது ரூ.2.80 லட்சம் ஆகும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் நிலுவை ரூ.10.80 லட்சம். பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ.14,270, மொத்தம் செலுத்துவது சுமார் ரூ.17 லட்சம். பெற்றோர் படிப்புக் காலத்திலும் அதன் பின் வரும் ஓராண்டிலும் வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டி வந்தால், தவணை சுமார் ரூ.10,570 ஆகக் குறையும். முதலாண்டில் அந்த வட்டி மாதம் ரூ.1,700-க்கும் குறைவே. படிப்பை முடித்த பிள்ளை முதல் வேலையில் ரூ.20,000 பெற்றால், மேற்கண்ட இரு தவணைகளுக்கும் உள்ள வேறுபாடு அப்பிள்ளையின் வாழ்க்கையில் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கல்விக்கடன் நல்ல ஏற்பாடு. பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உயர்கல்வியின் கதவைத் திறந்து வைப்பது. மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்த நிறுவனங்களில் இடம்பெற்றோர் பிணையின்றியும் பொறுப்பாளரின்றியும் கடன் பெறலாம்; ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்திற்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நீங்கள் எண்ணியிருக்கும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வங்கி கடன் வழங்கியது என்பது கல்லூரிக்கு வழங்கிய நற்சான்று அன்று. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கான விதிகள் வங்கிக்கு வங்கி வேறுபடும். ரசீது இல்லாத நன்கொடைக்கு எவ்வங்கியும் கடன் தராது. ஆகவே வங்கிக்கு வர வேண்டிய காலம் முன்பணம் கட்டிய பிறகு அன்று, அதற்கு முன்பு.

சேர்க்கைக்கு முன்பே பணம் கட்ட வற்புறுத்தும் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். இன்றே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்னும் பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். அரசுக் கலந்தாய்வின் முடிவு தெரியும் வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள்களுக்கு முன்பே விலகினால், சிறு செயல்முறைக் கட்டணம் நீங்கலாக முழுத் தொகையையும் கல்லூரி திருப்பித் தர வேண்டும். மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. செலுத்தும் தொகை எதுவாயினும் ரசீது பெறுங்கள்.

இறுதியாக, சற்றே கசப்பான ஓர் உண்மை. மகனுக்கு எவ்வளவு தொலைவிலும் எவ்வளவு செலவிலும் கல்லூரி தேடும் வீடுகள், மகளுக்குப் பேருந்து நிறுத்தத்திற்கு அருகிலுள்ள கல்லூரியே போதும் என்கின்றன. மகனுக்குக் கடன், மகளுக்கு நகை என்று பங்கிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அருகிலுள்ள கல்லூரி நல்லதாயின் அதனை இருவருக்கும் தெரிவு செய்யலாம். தொலைவிலுள்ளது சிறந்ததாயின் அங்கே இருவரையும் அனுப்பலாம். அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். வங்கிகள் பல மாணவியருக்கு வட்டியில் சலுகையும் அளிக்கின்றன.

கடன் ஒப்பந்தத்தில் பெற்றோரோடு கையொப்பமிடுபவர் மாணவர். முப்பது வயது வரை, சில வேளை அதற்கு அப்பாலும், தவணை கட்டப்போகிறவரும் அவரே. ஆகவே மேற்கண்ட நான்கு கேள்விகளின் விடைகளையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையையும் உடன் அமர்த்திக்கொண்டு கல்லூரிகளை ஒப்பிடுங்கள். தாம் கணக்குப் பார்த்துத் தெரிவு செய்த கல்லூரியில் படிக்கும் பிள்ளை, அந்தக் கடனின் பொருளையும் அறிந்தே படிக்கும்.