சம்மந்தி ஆனா சந்தி சிரிக்கணுமா?

போன மாசம் சாத்தான்குளத்துல எங்க பெரியப்பா மக கல்யாணம். மாப்பிள்ளை வீடு தூத்துக்குடியில பெரிய வசதி. பெரியப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. மூணு நாளா கண்ணு மூடாத மனுஷன், பந்தி முடியறப்ப நாற்காலியிலேயே அசந்து தூங்கிட்டார். எவனோ போட்டோ எடுத்து "புது சம்மந்தி, ஃபுல் போதை"ன்னு வாட்ஸப்ல விட்டுட்டான். குடிப்பழக்கமே இல்லாதவர்! அதைப் பார்த்ததும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "கொஞ்சம் உள்ள போய் இருங்க பெரியப்பா"ன்னு சொன்னேன். பேசாம எழுந்து போனார். இன்னும் உறுத்துது.

அப்ப ஞாபகம் வந்தவர் தாமஸ் மார்க்கிள். ஹாலிவுட்ல லைட்டிங் டைரக்டரா இருந்து, ஓய்வு பெற்று மெக்ஸிகோவில குடியிருந்தவர். மக மேகன் இளவரசர் ஹாரியைக் கட்டப் போறார்னதும் கேமராக்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. அவலட்சணமா படம் போட்டு கேலி பண்ணாங்க. நம்மளை நல்லபடியா காட்டுவோம்னு ஒரு போட்டோகிராபரோட சேர்ந்து, கோட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரியெல்லாம் போஸ் குடுத்தார். அதுவும் வெளிய வந்து மானம் போச்சு. இதய சிகிச்சை வேற. 2018 மே 19 கல்யாணத்துக்கு அப்பா போகவே இல்ல.

நம்ம ஊர்லயும் ராஜ கல்யாணம் நடந்திருக்கு மக்களே. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல மெல்போர்ன் பொண்ணு மோலி ஃபிங்க்கைக் கட்டினார். பிரிட்டிஷ் அரசு கடைசி வரை அவங்களை மகாராணியா ஏத்துக்கல, பிள்ளைக்குப் பட்டமும் இல்ல. அன்னைக்கு மருமகளை வாசல்லயே நிறுத்தினாங்க. இன்னைக்கு அவளைப் பெத்தவரோட வீட்டுக்குள்ளயே புகுந்துட்டாங்க.

"அவரே பேட்டி குடுத்தாரே, மக எழுதின கடுதாசியையே பேப்பர்காரனுக்குக் குடுத்தாரே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அந்தக் கடிதத்தைப் போட்ட மெயில் ஆன் சண்டே 2021-ல கோர்ட்டுல தோத்துச்சு, அப்பீல்லயும் தோத்துச்சு. எழுதின மகளோட அந்தரங்கத்தை அப்பாவே ஆனாலும் எடுத்துக் குடுக்க முடியாது. சரி, அப்பாவோட அந்தரங்கம்?

நக்கீரன் - ஆட்டோ சங்கர் வழக்குல 1994-லயே நம்ம சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: ஒருத்தரோட குடும்பம், கல்யாணம் பத்தியெல்லாம் அவர் சம்மதமில்லாம எழுதக்கூடாது. பொதுப் பதிவேட்டுல இருக்கிறதும், தானா சர்ச்சைக்குள்ள வந்து நிக்கிறதும் மட்டும் வேற. தாமஸ் தானா வந்தாரா? முதல்ல கல்லெறிஞ்சாங்க, அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். ஜன்னலைத் திறந்தவன் வீட்டையே எழுதிக் குடுத்துட்டான்னு அர்த்தமா?

பேட்டியில அவர் சொன்னதை விமர்சிக்கலாம், தப்பில்ல. ஆனா அவர் என்ன வாங்கினார், எப்படி உக்காந்தார்ங்கிறது யாருக்கு வேணும்? நமக்குத்தான். நாம பாக்கறதாலதான அவன் எடுக்கறான்! பட்டம் மகளுக்கு, பாரம் அப்பனுக்கா?

போட்டோ எடுத்தவனைக் கண்டுபிடிச்சு திட்டியாச்சு. பெரியப்பாகிட்ட மன்னிப்பு கேக்கத்தான் இன்னும் வாய் வரல. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். முதல்ல சைக்கிள் கடைக்கு.

டிஸ்கி: அந்த போட்டோ உங்க குரூப்புக்கும் வந்திருந்தா, தயவு செஞ்சு அழிச்சிடுங்க.