மணிக்கட்டுக்கு ஒரு கேழ்வரகுப் பை

கம்ப்யூட்டருக்கும் தையல் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. 2020-ல் கொரோனா வந்ததிலிருந்து எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேஜையே ஆபீஸாகிவிட்டது. என் ஓரகத்தியும் அதில்தான் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள். ஏழு மாசக் கைக்குழந்தைக்காரி.

"அக்கா, ராத்திரியில கட்டை விரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப் போயிடுது. பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு" என்றாள். டாக்டரிடம் அழைத்துப் போனோம். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியில் நரம்பு போகிறது. அது நசுங்கினால் இப்படித்தான் மரக்கும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இது வருவதுண்டு என்றார். ராத்திரியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்து, வேலை செய்யும்போது மணிக்கட்டு மேலும் கீழும் மடங்காமல் நேராக இருக்கட்டும் என்றார். உங்களில் யாருக்காவது இப்படி மரத்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். தையலெல்லாம் அப்புறம்.

முதலில் நாற்காலி. சாப்பாட்டு மேஜை சுமாராக 30 அங்குல உயரம், நாற்காலி 18 அங்குலம். நம்மைப் போன்ற குள்ளமானவர்களுக்கு முழங்கை மேஜைக்குக் கீழே போய்விடும். தோளைத் தூக்கி, கையை மடக்கித்தான் தட்டணும். அதனால் பழைய கம்பளியை இருக்கை அளவுக்கு மடித்து, 2 அங்குல கனத்துக்கு உறை தைத்துப் போட்டேன். இலவம் பஞ்சு வேண்டாம், உட்கார உட்கார அமுங்கிவிடும். உயரம் கூடியதும் கால் தொங்குமே? அதற்கு நம் மணை இருக்கிறது!

முதுகுக்குப் பழைய டர்க்கி டவலை இறுக்கிச் சுருட்டி, உறை போட்டு, இரண்டு பக்கமும் நாடா வைத்து நாற்காலியில் கட்டுங்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குச் சற்று மேலே வரணும்.

இனி கைக்கு. இந்தப் பை தனியாக இருக்கிற கீபோர்டுக்குத்தான். (இவள் லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கீபோர்டைத் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள்.) பழைய வேட்டித் துணியில் 19 அங்குல நீளம், 7 அங்குல அகலம் வெட்டி, நீளவாக்கில் மடித்து, அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். ஒரு முனையைத் திறந்து வைத்துத் திருப்பினால் 18-க்கு 3 அங்குலப் பை. உள்ளே போட அரிசியை விடக் கேழ்வரகு மேல். உருண்டையாக, வழவழவென்று இருக்கும். வண்டும் லேசில் வராது. நன்றாக வெயிலில் காய வைத்து ஆறிய பிறகு, சுமார் 350 கிராம். கால் பங்கு போட்டதும் குறுக்கே ஒரு ஓட்டுத் தையல், மறுபடி கால் பங்கு... இப்படி நாலு அறை. இல்லாவிட்டால் தானியம் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். குறுக்குத் தையலைக் கையாலேயே போடுங்கள், மிஷின் ஊசி கேழ்வரகில் பட்டால் முறியும். ஓரங்களுக்கு இரட்டைத் தையல் அவசியம். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு மணி சிந்தினாலும் மூக்கிலோ வாயிலோ போய்விடும்.

கனம் கீபோர்டின் முன் விளிம்பைத் தாண்டக் கூடாது. கடையில் சிலது புஸுபுஸுவென்று கொழுத்திருக்கும். அது மணிக்கட்டையே மடக்கும். கண்ட காசைக் கொடுத்து அதை வாங்குவானேன்? இன்னொன்று, பையின் மேல் மணிக்கட்டை அழுத்திக்கொண்டே தட்டக் கூடாது. தட்டாமல் யோசிக்கிற நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதில் சாய்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதை அவளுக்குப் பழக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

ராத்திரி மரப்பு இப்போது குறைந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த பட்டைக்குத்தான் அதில் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

மேல் உறையைத் தலையணை உறை மாதிரி கழற்றும்படி தையுங்கள். நூல் புடவை வியர்வைக்கு நல்லது, நைலக்ஸ் கசகசக்கும். உறையை மட்டும் துவையுங்கள். உள்பை நனைந்தால் கேழ்வரகு முளை கட்டிவிடும்!