செடி செத்தால் தண்ணீர் முறைக்காரன் மட்டும்தான் குற்றவாளியா?



நம் பள்ளி வராண்டாவில் வகுப்புக்கு ரெண்டு தொட்டி வீதம் செடி வைத்தார்களே, அதில் எத்தனை இன்று உயிரோடு இருக்கிறது என்று இன்டர்வெல்லில் ஒரு நடை போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் வெறும் குச்சி! செடி வாடியதும் வகுப்பில் வரும் முதல் கேள்வி, "இந்த வாரம் தண்ணி முறை யாரு?" என்பதுதான். அந்தப் பையன் எழுந்து நிற்க வேண்டும், திட்டு வாங்க வேண்டும். "தினமும் ஊத்தினேன் சார்" என்றால் யாரும் நம்புவதில்லை. என் கருத்து என்னவென்றால், அவன் சொல்வது உண்மை. தினமும் ஊற்றியதால்தான் செடி செத்தது. ஆனால் தப்பு அவன் மேல் இல்லை, தொட்டியில் இருக்கும் மண் மேல்.

"மண்ணுன்னா மண்ணுதானே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். தொட்டிகளில் இருப்பது மைதானத்து ஓரத்தில் தோண்டிய களிமண். அதே மண்ணில் வேப்பமரம் ஜோராக நிற்கிறதே என்றால், தரையில் மண்ணுக்கு ஆழம் உண்டு. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். மண்புழுவும் எறும்பும் துளை போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சாண் தொட்டியில் அதெல்லாம் ஏது? தண்ணீர் விழ விழ மண் இறுகி சிமெண்ட் மாதிரி ஆகிவிடுகிறது. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில்தான் அதற்கு வேண்டிய காற்று நிற்கும். அந்தச் சந்துகளில் எந்நேரமும் தண்ணீரே நின்றால் வேர் அழுகும், இலைக்குத் தண்ணீர் ஏறாது, செடி வாடும். அடடா வாடுதே என்று மறுபடியும் ஒரு மக் ஊற்றுவோம்!

நாலு நாள் லீவு விட்டால் கதை தலைகீழ். களிமண் காய்ந்து சுருங்கி, தொட்டி ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். பள்ளி திறந்த அன்று ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடி அடியில் வந்துவிடும். "கீழ தண்ணி வந்துடுச்சு, போதும்" என்று திருப்தியாகப் போய்விடுவோம். நடுவில் வேர் இருக்கும் இடம் காய்ந்தே கிடக்கும்.

அடியில் ஒரு கை ஜல்லி போட்டால் தண்ணீர் நிற்காது என்று பலர் சொல்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நனைத்து, உள்ளங்கையில் படுக்க வையுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால்தான் கூடுதலாக வடிகிறது. ஜல்லி போட்டால் மண்ணின் உயரம்தானே குறைகிறது? ஓட்டை மேல் ஒரு ஓட்டுத் துண்டு கவிழ்த்தால் போதும், மண் வெளியே ஓடாமல் இருக்க.

(ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் மணி பிளான்ட் பாட்டில் தண்ணீரிலேயே நன்றாக இருக்கிறதே என்று என்னை மடக்க வேண்டாம். அது தண்ணீரிலேயே வேர் விட்டுப் பழகியது!)

இப்போது தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து கடையில் ரெடிமேட் கலவை மூட்டை வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிரித்துப் பார்த்தால் பல மூட்டைகளில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவுதான். அது தண்ணீரையும் காற்றையும் நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் செடிக்குச் சாப்பாடு அதில் அநேகமாகக் கிடையாது. அதை மட்டும் நம்பி வைத்த செடி கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். சில கட்டிகளில் உப்பும் இருக்கும். ரெண்டு முறை ஊறவைத்து அலசிப் பிழிந்துதான் போட வேண்டும்.

நாமே கலக்கலாம். செம்மண் ரெண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. மேலே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. எரு என்றால் பச்சைச் சாணம் இல்லை. அது மக்கும்போது சூடேறி வேரை வேகவைத்துவிடும். கறுப்பாக, உதிரியாக, சாண நாற்றமே இல்லாமல் இருக்க வேண்டும். சோற்றுக்கற்றாழைக்கு இதே கலவையில் பாதிக்குப் பாதி செங்கல் தூள் சேர்க்கலாம். ஆற்று மணல் வேண்டாம். நம் தொட்டிக்காக ஆற்றைச் சுரண்டுவானேன்? கடற்கரை மணலில் உப்பு, அதைத் தொடவே கூடாது. கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு பிடி இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் அப்படியே நின்றால் களி அதிகம்.

இது ஏதோ நான் பெரிதுபடுத்தும் விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1930களில் வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் தொட்டி மண்ணுக்கென்றே ஆராய்ச்சி செய்து, வண்டல் மண் 7, பீட் 3, மணல் 2 என்று கணக்குச் சொன்னார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி. ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருஷம் ஆகும். அதை வெட்டி எடுத்தால் சதுப்பு நிலமே போய்விடும் என்பதால், அதற்குப் பதிலாக அங்கே பலர் இப்போது போடுவது தேங்காய் நார்க்கழிவு! பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலை வாசலில் குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள், கட்டியாகக் கப்பலேறுகிறது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எருவுக்கும் காசு வேண்டாம். சத்துணவுக் கூடத்தில் தினம் விழும் காய்கறித் தோலையும், நாம் கூட்டிக் கொளுத்தும் வேப்பிலைச் சருகையும் ஒரு குழியில் போட்டு ஈரம் காயாமல் கிளறி வந்தால், சில மாதத்தில் எரு தயார். பசுமைப் படை மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். வசூல் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நார்க்கட்டிக்கும் புண்ணாக்குக்கும் மட்டும் செய்யுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு செடி வாடினால், முறைக்காரனை எழுப்பி நிறுத்துவதற்கு முன் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருந்து மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தால் அவனைத் தாராளமாகக் கேளுங்கள். வேர் பழுப்பாகி, வழவழவென்று நாறினால் அவனை உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் மண்வெட்டியைக் கொடுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி