புருவம் இல்லாத வீடு



இந்தக் கட்டடக்கலைச் சிறப்பிதழைத் தயாரித்தபோது எங்கள் குழுவில் அதிகம் சண்டை மூட்டியது வியன்னாவில் இருக்கும் ஒரு கட்டடம். மிகாயேலர் சதுக்கத்தில், ஹோஃப்பர்க் அரண்மனை வாசலுக்கு எதிரே நிற்கிறது. கோல்ட்மன் அண்ட் சாலட்ச் என்ற தையல் நிறுவனத்துக்காகக் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸ் கட்டியது, 1911-ல் முடிந்தது.

அந்தக் காலத்து வியன்னாவில் ஜன்னலுக்கு மேல் சுதையில் ஒரு வளைவோ மாலையோ முகமோ இல்லாவிட்டால் அது பெரிய மனிதர் வீடு ஆகாது. லோஸோ மேல்மாடிகளில் வெள்ளைப் பூச்சுச் சுவரை வெறுமனே விட்டு, ஜன்னல்களைச் சதுரம் சதுரமாக வெட்டினார். ‘புருவம் இல்லாத வீடு’ என்று ஊர் சிரித்தது. 1910-ல் நகராட்சி குறுக்கிட்டு வேலையை நிறுத்தியது. கடைசியில் சில ஜன்னல்களில் வெண்கலப் பூத்தொட்டிகளை வைத்துச் சமாதானம் ஆனார்கள். பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் அந்தப் பக்கத்துத் திரைகளைத் திறக்கவே விடவில்லை என்பார்கள். கதைதான். ஆனாலும் விட மனம் வரவில்லை.

அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துத் தலைப்பிட்ட லோஸின் உரை பிரசித்தம். அதில் பாப்புவா மக்களின் பச்சைகுத்தலைக் காட்டி, யார் நாகரிகத்தில் பின்தங்கியவர் என்று அவர் தீர்ப்புச் சொல்லும் இடம் இன்று நெருடுகிறது. ‘நெருடுகிறது’ என்பதும் மரியாதைக்காகச் சொன்னதே. கூலியைப் பற்றி அவர் சொன்னது வேறு ரகம். பூவேலை செய்கிறவர் நாள் முழுக்க உழைத்தும் அதற்கேற்ற கூலி பெறுவதில்லை. மோஸ்தர் மாறியதும் அவர் செய்த பொருள் குப்பைக்குப் போகிறது என்றார். அதே லோஸ், செருப்புத் தைப்பவர் தோலில் போடும் துளை வேலைப்பாட்டை மட்டும் ஏற்றுக்கொண்டார். அந்த மனிதரின் சந்தோஷம் அதில் இருக்கிறதாம், அதைப் பிடுங்க மாட்டாராம்.

சண்டை இதில் வரவில்லை, கீழ்த்தளத்தில் வந்தது. அங்கே கிரேக்கத்தின் யூபியா தீவிலிருந்து வந்த சிப்பொலினோ சலவைக்கல்லைப் பதித்திருக்கிறார்: பச்சை ரேகைகள் அலையலையாக ஓடும் கல். லோஸின் அப்பா கல்தச்சர். எந்தக் கல்லில் ரேகை எப்படி ஓடும் என்பது மகனுக்கும் தெரிந்திருக்கிறது. வாசலில் அதே கல்லில் நான்கு தூண்கள். பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் சட்டகம். தூண்களுக்கு அங்கே வேலை இல்லை. ‘அப்படியென்றால் அதுவும் அலங்காரம்தானே?’ என்றார் எங்கள் உதவி ஆசிரியர். இதழ் வடிவமைப்பாளர் ஒப்பவில்லை. நான் உதவி ஆசிரியர் கட்சி. உளி செய்துவந்ததைக் கல்லின் ரேகையிடம் ஒப்படைத்தார் லோஸ், அவ்வளவுதான், செலவும் குறைந்திருக்காது. பின்னால் வந்த பலர் கல்லை மறந்துவிட்டு மொட்டைச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் குறை.

வடிவமைப்பாளர் பழி தீர்த்துக்கொண்டார்: இந்த இதழில் எந்தத் தலைப்பைச் சுற்றியும் கொடியோ பூவோ கிடையாது. நன்றாகவே இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தெருவில் முகப்பை மாற்றிக் கட்டும்போது சுதை வேலையை இடித்த வீடு இருக்கிறதா? பழைய படம் கிடைத்தால் அதோடு எழுதியனுப்புங்கள். இடிக்கச் சொன்னது யார், கொத்தனார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்